திருப்பூரின் இளம் மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு என்று ஊரைச் சுற்றியுள்ள ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பி.காம். அல்லது டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். நீங்கள் பையருக்கு மெயில் போடுகிற நாற்காலியில். நானும் அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவள்தான். பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்களில் சிலருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் மடலாக எழுதுகிறேன்.

வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது வார்த்தைகள், அடுத்து உச்சரிப்பு. இரண்டுமே உங்களுக்குப் பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. லேப் டிப், ஃபிட் சாம்பிள், ரிப், ஜிஎஸ்எம், ட்ரிம்ஸ், ஓவர்லாக், ஷிப்மென்ட் எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வீட்டுத் திண்ணையில் காதில் விழுந்தவை. உச்சரிப்பைப் பற்றிய பயமும் வேண்டாம். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார். அதற்குப் பிறகு இங்கே நடந்த எத்தனையோ வியாபாரம், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்ததுதான். உங்கள் இத்தாலி பையருக்கும் ஸ்பெயின் பையருக்கும் இங்கிலீஷ் படித்துத் தெரிந்துகொண்ட மொழிதான்.

உங்கள் மெயில்களைப் பார்க்கும்போது தடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. “சாம்பிள் சென்ட் டுடே” என்று எழுதிவிடுகிறீர்கள். “ஃபேப்ரிக் நாட் ரெடி” என்று எழுதிவிடுகிறீர்கள். ஆனால் துணி என்றைக்கு வரும் என்று டையிங்கில் கேட்டிருக்கிறீர்கள், செவ்வாய்க்கிழமை தருவதாக அவர்கள் சொல்கிறார்கள், அது நடக்குமா என்பது உங்களுக்கே சந்தேகமாக இருக்கிறது என்பதை எழுத வேண்டி வந்தால் கை நின்றுவிடுகிறது. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை வைக்க வேண்டிய இடம் அது. அதற்குத்தான் இங்கிலீஷ் இலக்கணத்தில் நவுன் க்ளாஸ் என்று பெயர்: பெயர்ச்சொல் உட்காரவேண்டிய இடத்தில் ஒரு முழு வாக்கியமே வந்து உட்கார்ந்துகொள்வது. ஆறு மாதம் இங்கிலீஷுக்குச் செலவழிக்க முடியும் என்றால், முதல் இரண்டு மாதத்தை இந்த ஒன்றுக்கே கொடுங்கள் என்பேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாம் துணி நெய்வதில்லை, சாயம் போடுவதில்லை, தைப்பதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்கிறோம். தெரிந்தது எது, தெரியாதது எது, முடிவானது எது, இழுபறியில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். காலையில் ஃபேக்டரிக்குள் நடந்தால் காதில் விழுவதெல்லாம் இதுதான். “துணி என்னைக்கு வரும்னு கேட்டுச் சொல்லுங்க.” “பையர் நெக்கை மாத்தச் சொன்னாரா இல்லையான்னு பாருங்க தம்பி.” “எம்ப்ராய்டரிக்காரர் நாளைக்குத் தர்றேன்னு சொன்னாருங்க.” “பேக்கிங்ல எத்தனை பீஸ் குறையுதுன்னே தெரியலீங்க.” இந்த ‘ன்னு’ இருக்கிறதே, அதற்கு முன்னால் நிற்கும் உள்வாக்கியம்தான் நவுன் க்ளாஸ். நீங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற அமைப்பு இது. உங்களுக்குப் புதிதாக ஒரு சிந்தனையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. இங்கிலீஷில் அதன் துண்டுகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று காட்டினால் போதும்.

வரிசை நம்முடையதற்கு நேர் தலைகீழ். “துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது” என்று நாம் உள்வாக்கியத்தை முதலில் சொல்லி, ‘என்று’ போட்டு முடிச்சிட்டு, ‘தெரியாது’ என்பதைக் கடைசியில் வைக்கிறோம். இங்கிலீஷ்காரருக்குத் ‘தெரியாது’ முதலில் வந்துவிட வேண்டும்: “ஐ டோன்ட் நோ வேர் த ஃபேப்ரிக் இஸ்.” தலையை முதலில் சொல்லிவிட்டு உள்வாக்கியத்தைப் பின்னால் இழுத்து வருகிறார்கள். எழுத உட்காரும்போது உங்கள் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாது, கேட்டார், சொன்னார், நினைக்கிறோம், உறுதி செய்கிறோம். அதை யார் செய்தார் என்பதோடு சேர்த்து எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி, உங்கள் மெயில்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள். “ஐ டோன்ட் நோ வேர் இஸ் த ஃபேப்ரிக்” என்று எழுதுகிறீர்கள். தமிழில் “துணி எங்கே இருக்கிறது” என்பது தனிக் கேள்வியாக நின்றாலும், இன்னொரு வாக்கியத்துக்குள் போனாலும் உருமாறுவதில்லை. இங்கிலீஷில் மாறும். தனியாகக் கேட்டால் “வேர் இஸ் த ஃபேப்ரிக்?”, உள்ளே போய்விட்டால் கேள்வியின் வரிசை கலைந்து “வேர் த ஃபேப்ரிக் இஸ்” என்று சாதாரண வாக்கியமாகப் படுத்துவிடும். ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ எல்லாம் அங்கே வேலையிழந்து போகும். “கேன் யூ டெல் மீ வென் வில் யூ அப்ரூவ்” தவறு. “வென் யூ வில் அப்ரூவ்” சரி. பத்தாம் வகுப்பில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றி மார்க் வாங்கினீர்களே, அதே விஷயம்தான். அன்றைக்கு அது பரீட்சைக் கணக்காகப் போய்விட்டது.

இன்னொன்று ‘என்று’ மீதுள்ள பாசத்தால் வருவது. தமிழில் பெரும்பாலும் உள்வாக்கியத்தின் கடைசியில் ‘என்று’ வரும். பள்ளிக்கூடத்தில் ‘என்று’ என்றால் ‘தட்’ என்று படித்துவிட்டதால், “பையர் ஆஸ்க்ட் தட் வென் த கூட்ஸ் வில் பி ரெடி” என்று எழுதுகிறீர்கள். வென், வேர், ஹவ், வொய், வாட், வெதர் இவையெல்லாம் தாமே வாக்கியத்தை இணைத்துவிடும். பக்கத்தில் ‘தட்’ நிற்கக் கூடாது.

மூன்றாவதுதான் பணத்தைத் தொடுவது. “டையிங் மேனேஜர் நான் செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்னார்” என்று தமிழில் பேசுகிறோம். அந்த ‘நான்’ யார் என்பதில் நமக்குக் குழப்பமே கிடையாது, அது மேனேஜர். இதை அப்படியே எடுத்துப்போய் “டையிங் மேனேஜர் டோல்ட் ஐ வில் டெலிவர் ஆன் டியூஸ்டே” என்று எழுதினால், படிக்கிற பையருக்கு அந்த ‘ஐ’ நீங்கள். செவ்வாய்க்கிழமை தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டதாக அவர் குறித்துக்கொள்வார். “த டையிங் மேனேஜர் செட் தட் ஹீ வுட் டெலிவர் ஆன் டியூஸ்டே” என்று எழுதும்போதுதான் சொன்னவர் அவர், சொல்லிக் கடத்துகிறவர் நீங்கள் என்பது விளங்கும். தமிழிலேயே “தருவதாகச் சொன்னார்” என்று மனதுக்குள் ஒருமுறை மாற்றிவிட்டு எழுதிப் பாருங்கள்; அந்த ‘நான்’ தானாகவே விழுந்துவிடும்.

‘தட்’டுக்கும் ‘வாட்’டுக்கும் உள்ள வித்தியாசம் வகுப்பில் எல்லோரையும் படுத்துகிறது. காரணம் நம் தமிழின் வளம்தான். “அவர் அனுப்பியது எனக்குத் தெரியும்” என்ற ஒரே வாக்கியத்துக்கு, அவர் அனுப்பினார் என்ற சேதி எனக்குத் தெரியும் என்றும் பொருள் கொள்ளலாம், அவர் எதை அனுப்பினார் என்று தெரியும் என்றும் கொள்ளலாம். முன்னது தொழிற்பெயர், பின்னது வினையாலணையும் பெயர் என்று தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார், வடிவம் ஒன்றே. இங்கிலீஷ் இந்த இரண்டையும் தனித்தனி வாசலால் அனுப்புகிறது. “ஐ நோ தட் ஹீ சென்ட் த சாம்பிள்” என்பதில் உள்ளே இருக்கும் “ஹீ சென்ட் த சாம்பிள்” முழு வாக்கியம், எதுவும் குறையவில்லை. “ஐ நோ வாட் ஹீ சென்ட்” என்பதில் “ஹீ சென்ட்” என்று நிறுத்திப் பாருங்கள். எதை அனுப்பினார் என்ற இடம் காலியாக இருக்கிறது. உள்வாக்கியம் நிறைவாக இருந்தால் ‘தட்’, அதில் ஒரு பொருளின் இடம் காலியாக இருந்தால் ‘வாட்’. இதைப் புரிந்துகொண்டவர்கள் பிறகு தடுமாறி நான் பார்த்ததில்லை.

‘இஃப்’ என்பதையும் பார்த்துப் போடுங்கள். “ப்ளீஸ் லெட் மீ நோ இஃப் த லேப் டிப் இஸ் ரிஜெக்டட்” என்று எழுதினால் இரண்டு விதமாகப் படிக்கலாம். ரிஜெக்ட் ஆகிறதா இல்லையா என்று சொல்லுங்கள் என்பது ஒன்று. ரிஜெக்ட் ஆனால் மட்டும் சொல்லுங்கள், ஓகே என்றால் சொல்ல வேண்டாம் என்பது இன்னொன்று. பையர் இரண்டாவதாகப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார். நீங்கள் முதலாவதை நினைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பீர்கள். இடையில் சாயம் ஏற்ற வேண்டிய நாட்கள் ஓடிவிடும். ‘வெதர்’ போட்டால் இந்தச் சிக்கல் கிடையாது. நம் “ஆகுமா ஆகாதா” என்ற பேச்சுக்குச் சரியான இணை ‘வெதர்’தான். ஆன், அபவுட் போன்றவற்றுக்குப் பின்னாலும், வாக்கியத்தின் தொடக்கத்திலும் எப்படியும் அதுதான் வரும்.

எழுதுவதைப் பற்றி இவ்வளவு போதும். படிப்பதில்தான் நான் அதிகமாகக் கவலைப்படுகிறேன். உங்களுக்கு வரும் மெயில்களில் பையர்கள் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் நவுன் க்ளாஸுக்குள் மடித்து வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

நான் அறிந்த ஒரு கம்பெனியில் நடந்தது. விலையெல்லாம் பேசி முடித்தபிறகு பையிங் ஆபீஸிலிருந்து ஒரு மெயில்: “வீ அண்டர்ஸ்டாண்ட் தட் த ப்ரைஸ் இன்க்ளூட்ஸ் ஹேங்கர்ஸ் அண்ட் ப்ரைஸ் டிக்கெட்ஸ்.” சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பெண் அதைப் படித்தாள். அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். அவர்களுக்கு ஏதோ புரிந்திருக்கிறது, நல்லது என்று நினைத்துக்கொண்டு “நோட்டட் வித் தேங்க்ஸ்” என்று பதில் போட்டுவிட்டாள். விலை போட்டபோது ஹேங்கரும் டிக்கெட்டும் கணக்கிலேயே இல்லை. ஷிப்மென்ட் நேரத்தில் அந்தச் செலவு கம்பெனி தலையில் விழுந்தது, திட்டு அந்தப் பெண்ணின் தலையில். அவளை உட்கார வைத்து அந்த மெயிலின் அர்த்தம் என்ன என்று ஒருவர் கூட விளக்கவில்லை. எனக்கு அதில்தான் கோபம். அவள் சோம்பேறி இல்லை, கவனக்குறைவும் இல்லை. “வீ அண்டர்ஸ்டாண்ட் தட்” என்று ஒரு வியாபார மெயில் தொடங்கினால், நாங்கள் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், மறுப்பு இருந்தால் இப்போதே சொல் என்று அர்த்தம். “வீ அஸ்யூம் தட்”, “அவர் அண்டர்ஸ்டாண்டிங் இஸ் தட்” இரண்டும் அதே ரகம்தான். ‘தட்’டுக்குப் பின்னால் வருவதைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். அது உண்மையா என்று காஸ்டிங் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். உண்மை இல்லையென்றால் அன்றைக்கே, மரியாதையாக, “ப்ளீஸ் நோட் தட் த ப்ரைஸ் டஸ் நாட் இன்க்ளூட் ஹேங்கர்ஸ்” என்று திருப்பி எழுதுங்கள். இப்படி எழுதுவது சண்டை பிடிப்பது ஆகாது. பையர்களுக்கு இது பிடிக்கவே செய்யும்.

இங்கிலாந்து பையர்களின் மரியாதை இன்னும் நுட்பமானது. “வீ வேர் வொண்டரிங் வெதர் த நெக் ரிப் குட் பி எ லிட்டில் நேரோவர்” என்று எழுதுவார்கள். அகராதியைப் பார்த்தால் அவர் வியந்துகொண்டிருக்கிறார் என்று இருக்கும். அவர் வியக்கவில்லை, ரிப்பைக் குறுக்கச் சொல்கிறார். முடியுமா, முடிந்தால் எத்தனை மில்லிமீட்டர், மறுபடி சாம்பிள் போட எத்தனை நாள் என்று பதில் எதிர்பார்க்கிறார். நம் ஊரில் “கொஞ்சம் பார்த்துச் செய்ய முடியுங்களா” என்று பெரியவர்கள் சொன்னால் அது கேள்வி இல்லை என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அதே பேச்சுதான், அவர்கள் அதை நவுன் க்ளாஸில் வைத்துப் பேசுகிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் இதே நவுன் க்ளாஸ்தான் வேண்டும். 2011 ஜனவரி கடைசியில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றங்கரை விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த வாரத்தில் மெர்ச்சண்டைசர் மேஜைகளில் என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லா நாட்டிலிருந்தும் ஒரே கேள்வி: எங்கள் துணி எங்கே, எப்போது திறப்பார்கள், சரக்கு வருமா? பதில் யாருக்கும் தெரியாது. சிலர் மெயிலுக்குப் பதிலே போடாமல் இருந்துவிட்டார்கள். சிலர் “நோ ப்ராப்ளம், வீ வில் ஷிப்” என்று எழுதிவிட்டார்கள். எனக்கு மேலே இருந்த ஒரு சீனியர் எழுதிய மெயில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மூன்றே வாக்கியம்.

“வீ டு நாட் நோ வென் த யூனிட்ஸ் வில் ரீஓப்பன். வாட் வீ நோ இஸ் தட் யுவர் ஃபேப்ரிக் ஹேஸ் நாட் பீன் டைட் யெட். வெதர் வீ கேன் ஷிப் ஆன் டைம் டிபெண்ட்ஸ் ஆன் வேர் வீ கேன் கெட் இட் டைட்.”

பட்டறைகள் எப்போது திறக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, உங்கள் துணிக்கு இன்னும் சாயம் ஏறவில்லை என்பது. குறித்த நேரத்தில் அனுப்ப முடியுமா என்பது, எங்கே சாயம் போட முடிகிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று வாக்கியத்தில் நவுன் க்ளாஸின் முக்கியமான இடங்கள் வந்துவிட்டன, பாருங்கள். முதல் வாக்கியத்தில் ‘தெரியாது’ என்ற வினைக்குச் செயப்படுபொருளாக “வென் த யூனிட்ஸ் வில் ரீஓப்பன்”. இரண்டாவதில் எழுவாயே “வாட் வீ நோ”. ‘இஸ்’ஸுக்கு அந்தப் பக்கம் அதை நிறைவு செய்ய வருவது இன்னொரு க்ளாஸ். மூன்றாவதில் எழுவாய் “வெதர் வீ கேன் ஷிப் ஆன் டைம்”. ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் மறுபடி ஒன்று. தமிழில் “பொறுத்தது” என்பதற்கு முன்னால் ‘என்பதை’ என்று ஐ உருபு ஒட்டியிருக்கிறதே, அந்த ஐ உட்கார்ந்த இடத்தில்தான் இங்கிலீஷில் ‘ஆன்’ நிற்கிறது; தமிழில் பின்னால், இங்கிலீஷில் முன்னால். ரென் அண்ட் மார்ட்டின் என்று 1930-களிலிருந்து இந்தியா முழுவதும் படிக்கும் இலக்கணப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் இந்த இடங்களையெல்லாம் பிரித்துக் காட்டும் பாடம் உண்டு, நல்ல பாடம். அதைப் படிக்கும்போது இந்த மூன்று வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் பெயர்கள் மறந்து போனாலும் வாக்கியங்கள் கைகொடுக்கும்.

அந்த மெயிலில் பொய் இல்லை, பூசி மெழுகலும் இல்லை. அந்த பையர் தேதியைத் தள்ளிக் கொடுத்தார். துணி வெளிமாநிலத்துக்குப் போய்ச் சாயமேறி வந்தது. தெரியாது என்பதை முழு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்தால்தான் ஒருவரால் துணிந்து உண்மையைச் சொல்ல முடிகிறது என்று அன்றிலிருந்து நம்புகிறேன். உங்களில் பலர் “எஸ் சார்”, “ஓகே மேடம்”, “நோ ப்ராப்ளம்” என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் தூக்கம் கெட்டுக் கிடப்பதை நான் பார்க்கிறேன். வேறு சொல்ல வாக்கியம் இல்லாததால்தான் அந்த ‘எஸ்’ வருகிறது.

‘தட்’டுக்கு முன்னால் எந்த வினையைப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். “வீ கன்ஃபர்ம் தட் த கூட்ஸ் வில் லீவ் தூத்துக்குடி ஆன் த டென்த்” என்றால் அது வாக்கு. கப்பல் தவறினால் விமானச் செலவை உங்கள் கம்பெனியிடம் கேட்பார்கள். “வீ எக்ஸ்பெக்ட் தட்” என்றால் நியாயமான எதிர்பார்ப்பு. “வீ ஹோப் தட்” என்றால் கையில் எதுவும் இல்லை என்று பையருக்குப் புரிந்துவிடும்; அதையே எல்லா மெயிலிலும் எழுதினால் உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். “வீ ஹேவ் பீன் டோல்ட் தட்” என்றால் சேதி இன்னொருவருடையது, நீங்கள் இன்னும் சரிபார்க்கவில்லை. ‘தட்’டுக்குப் பின்னால் வரும் வாக்கியம் நான்கிலும் ஒன்றே, முன்னால் நிற்கும் வினைதான் பொறுப்பு எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. நேரில் போய்ப் பார்க்காத எதற்கும் ‘கன்ஃபர்ம்’ போடாதீர்கள். மேலே இருப்பவர் போடச் சொன்னால், “ப்ரொடக்ஷன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுடறேங்க” என்று சொல்லுங்கள். அதில் தப்பே இல்லை.

வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயோடேட்டாவின் கடைசி வரி “ஐ ஹியர்பை டிக்ளேர் தட்” என்று தொடங்கும். யாரோ டைப் செய்து கொடுத்ததை அப்படியே வைத்திருப்பீர்கள். அனுபவச் சான்றிதழில் “திஸ் இஸ் டு சர்டிஃபை தட்”. நவுன் க்ளாஸ் உங்கள் கையெழுத்துக்கு மேலேயே இத்தனை நாளாக இருக்கிறது. இன்டர்வியூவில் முந்தின கம்பெனியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் “ஐ டிட் ஃபாலோ-அப்” என்று நிறுத்திவிடாதீர்கள். “வாட் ஐ லேர்ன்ட் தேர் வாஸ் ஹவ் டு ரீட் எ டெக் பேக்” என்று சொல்லிப் பாருங்கள். “ஐ நோட்டீஸ்ட் தட் மோஸ்ட் டிலேஸ் ஸ்டார்டட் வித் ட்ரிம்ஸ்” என்று சொல்லிப் பாருங்கள். நோட்டீஸ்ட், ஃபவுண்ட், ரியலைஸ்ட் என்று தொடங்கினாலே, பின்னால் நீங்கள் கண்டதைச் சொல்லியாக வேண்டும். கேட்கிறவருக்கு எதிரில் இருப்பவர் யோசிக்கத் தெரிந்தவர் என்று படும்.

தங்கைகளே, இதை உங்களுக்காகத் தனியாகச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமானதும், குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் எதுவும் கேட்காமலே ராஜினாமா எழுதிவிடுகிறீர்கள். திரும்பி வந்தால் என்ன இடம் என்று கேட்கவே கூச்சம். “ஐ வுட் லைக் டு நோ வாட் மை ரோல் வில் பி வென் ஐ கம் பேக்” என்று ஒரு வரி ஹெச்ஆருக்கு எழுதுங்கள். சம்பளம் கூட்டுவார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் தம்பிகளுக்கும் அதே தொடக்கம்தான்: “ஐ வுட் லைக் டு நோ வெதர்…” இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. உங்கள் உரிமையைக் கேட்பதற்கு இவ்வளவு மரியாதையான வாக்கியம் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு போவானேன்?

துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் சொல்லுகிற பிள்ளைகள் மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்திருப்பதும், துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் நல்ல இங்கிலீஷ் பேசி மேலே போவதும் இந்த ஊரில் பல காலமாக நடக்கிறது. அது அநியாயம். கம்பெனி நடத்துகிறவர்கள் பயிற்சி கொடுக்க வேண்டும், கொடுப்பதில்லை. அதை அவர்களிடம் நேரிலும் சொல்லி வருகிறேன். அவர்கள் கொடுக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் இந்த மடல்.

பழகுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. உங்கள் போனில் டையிங்கிலிருந்தும் பிரிண்டிங்கிலிருந்தும் வந்த வாய்ஸ் மெசேஜ்கள் குவிந்து கிடக்கும். ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். ‘ன்னு’ வருகிற இடத்தில் நிறுத்துங்கள். யார் சொன்னது, என்ன சொன்னது என்று இரண்டாகப் பிரித்து இங்கிலீஷில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஒன்று எழுதினால் போதும்.

வருகிற ஞாயிறு காலை வகுப்பில் ‘வீ அண்டர்ஸ்டாண்ட் தட்’ வகை மெயில்களை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறோம். உங்களுக்கு வந்ததில் புரியாத ஒன்றைப் பிரிண்ட் எடுத்து வாருங்கள். பையர் பெயர், ஸ்டைல் நம்பர், விலை மூன்றையும் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டுத்தான் கொண்டு வர வேண்டும்; அதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஷிப்மென்ட் இருந்து வர முடியாதவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் தகவல் சொல்லிவிடுங்கள், உங்கள் மெயிலை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா